நாற்பத்திரண்டு கிலோ

மார்ச் 3

தராசு மாமாவுக்கு வாலு எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே நல்லா இருக்கோம். அங்கே நீங்க, அம்மா, ரிப்பேருக்கு வந்து உங்க கடையில் மல்லாந்து கிடக்கிற தராசுங்க எல்லாரும் சாயாம சமமா இருக்கீங்களா?

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுறாங்கன்னு நீங்க முணுமுணுக்கிறது இங்கே வரை கேக்குது. பழியை உங்க அத்தான் மேல போடுங்க. எங்ககிட்ட இருக்கிறது ஒரே போன். ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டா பதினைஞ்சு நிமிஷத்துக்குள்ள எடுக்கணும், இல்லேன்னா எனக்கு வர்ற மாத்து இதயம் அடுத்த ஆளுக்குப் போயிடும். அதனால அப்பா போனைத் தன் பழைய கண்டக்டர் பை மாதிரி கழுத்தில் மாட்டிட்டார். நான் தொட்டாலே "லைன் பிசியாயிடும், கீழே வை"ங்கிறார். அவர் குளிக்கும்போது அதுவும் பிளாஸ்டிக் உறை போட்டுக்கிட்டுக் கூடவே குளிக்குது.

பட்டியல்ல என் பேர் ஏறிடுச்சு மாமா! ஆனா இந்தப் பட்டியல் இருக்கே, அது வரிசை இல்லை, மாடிப்படி. ஒரு இதயம் வந்தா முதல்ல இந்த ஆஸ்பத்திரியில் காத்திருக்கிற இந்த நாட்டு ஆளுங்க. அப்புறம் இந்த ஊர் மத்த ஆஸ்பத்திரிங்க. அப்புறம் நாடு முழுக்க. எல்லாரும் "எங்களுக்குப் பொருந்தலை"ன்னு சொன்ன பிறகுதான் எங்களை மாதிரி வெளிநாட்டு ஆளுங்க. கீழ்ப்படிக்கும் கீழே, செருப்பு விடற இடத்தில் நிக்கிறேன். கோபமெல்லாம் இல்லை. நம்ம நாட்டில் இந்த ஆபரேஷனுக்கு ஒரு மேஜைகூடக் கிடையாது. இங்கே செருப்பு விடற இடமாவது குடுத்திருக்காங்க.

இருதயம்னு ஏன் பேர் வெச்சாங்க தெரியுமா? "இரு, தயவு பண்ணு." அவ்வளவுதான்.

ரத்த வகையும் உடம்பு அளவும் பொருந்தணுமாம். பட்டியல்ல என் எடை நாற்பத்திரண்டு கிலோ.

அம்மாகிட்ட நான் ஒழுங்கா சாப்பிடுறேன்னு சொல்லுங்க. விசாவில் என்கூட ஒருத்தர்தான்னு சொன்னதால அம்மா அங்கே அழுதுக்கிட்டிருப்பா. நீங்க ஏதாவது மொக்கை ஜோக் சொல்லி அழுகையை நிறுத்துங்க.

உங்க வாலு

---

மார்ச் 16

வாலுக்கு,

உன் கடிதம் பதினோரு நாள் பயணம் பண்ணி வந்தது. வீட்டில் எல்லாரும் நலம். அக்கா அழவில்லை. அழுதால் உன்னிடம் சொல்லக்கூடாது என்று சொல்லியிருக்கிறாள்.

உன் அப்பா போனைத் தொடவிடாதது சரி. நானும் கூப்பிட மாட்டேன்.

எனக்கு டாக்டர் பாஷை தெரியாது. கிலோ தெரியும். வாராவாரம் எடை பார்க்கிறார்கள்தானே? ஒவ்வொரு கடிதத்திலும் அந்த எண்ணை எழுது. மற்றதை எல்லாம் நீ ஜோக்காக எழுதினாலும் பரவாயில்லை, அந்த ஒரு எண்ணிலிருந்து நீ எப்படி இருக்கிறாய் என்று நான் தெரிந்துகொள்வேன்.

மாமா

---

மார்ச் 29

அருமை மாமாவுக்கு,

நாங்க சுகம். நீங்க சுகமான்னு கேட்டா "ம்"ன்னு ஒரு எழுத்தில் பதில் போடுவீங்க, அதனால கேக்கலை.

கேட்ட எண் இதோ: 42.0, 42.1, 42.0. போதுமா? இங்கே எல்லாரும் வெயிட் பண்றாங்க. எனக்கு மட்டும் ரெண்டு வெயிட்டும் வேலை.

விடுதியைப் பத்திச் சொல்லவே இல்லையே. ஆஸ்பத்திரிக்கு இருபது நிமிஷத் தூரம். மூணு மாடி, முழுக்க எங்களை மாதிரி வெளியூர்ச் சரக்கு. ஒரு நாள் எல்லாரும் தூங்கின மதிய நேரத்தில் வாசல் செருப்பையெல்லாம் ஜோடி மாத்தி வெச்சேன். யாரும் திட்டலை மாமா, சிரிச்சாங்க. பக்கத்து அறை டிரைவர் அண்ணன் ஒரு காலில் ஒரு லேடீஸ் செருப்போட டீ குடிக்க வந்தார்.

அவரும் இதயத்துக்குக் காத்திருக்கிறவர்தான். போன வாரம் அவரை நிறுத்தி வெச்சுட்டாங்க. பட்டியல்ல பேர் இருக்கும், ஆனா இதயம் வந்தா கூப்பிட மாட்டாங்க. "எடை அஞ்சு கிலோ இறங்கிடுச்சு, அதான்"னு வயித்தைத் தட்டிக் காட்டினார். ராத்திரியெல்லாம் இருமல் கேக்குது.

வேற என்ன? சாப்பாட்டுக் கூடத்துத் திரைச்சீலையெல்லாம் இப்ப பேய் மாதிரிப் பறக்குது. நேத்து ஒண்ணு அப்பா தட்டில் வந்து சாப்பிட்டுட்டுப் போச்சு.

வாலு

---

ஏப்ரல் 12

வாலுக்கு,

இங்கே எல்லாரும் நலம். அக்கா உனக்கு ரெண்டு உடுப்பு தைத்து வைத்திருக்கிறாள், பழைய அளவில்.

ரெண்டு கேள்வி. ஒன்று, அந்த ஆஸ்பத்திரித் தராசு நல்ல நிலையில் இருக்கிறதா? ரெண்டு, எடை பார்க்கும்போது என்ன உடுத்தியிருக்கிறாய்?

ஜோக் வேண்டாம். பதில் எழுது.

மாமா

---

ஏப்ரல் 25

நீதிபதி மாமா அவர்களின் மேலான கவனத்துக்கு,

குற்றவாளி நலம். ஜோக் இல்லாத கடிதம் கேட்டிருக்கீங்க. அந்தச் சரக்கு கடையில் ஸ்டாக் இல்லை.

தராசு நல்லாத்தான் இருக்கு. மாசம் ஒரு தடவை உங்களை மாதிரியே ஒரு மூஞ்சி கல்லு வெச்சுப் பார்த்துட்டு சிரிக்காம போகுது. எண்: 42.1, 42.0, 42.0, 42.1.

பெரிய செய்தி, எனக்கு வாகனம் வந்தாச்சு! சக்கர நாற்காலி. நடக்க முடியாம இல்லை, சும்மா ஸ்டைலுக்கு. அப்பா பின்னால நின்னுக்கிட்டு "போலாம் ரைட்"னு தள்ளுறார். லிப்டில் ஏறினா "உள்ளே போங்க, உள்ளே போங்க"ங்கிறார். கூட இருக்கிறவங்க பயந்துபோய் நிஜமாவே உள்ளே போறாங்க.

டாக்டர் தண்ணியைக் குறைக்கச் சொல்லிட்டார், ஒரு நாளைக்கு நாலு டம்ளர். கால் கொஞ்சம் உப்பலா இருக்கு. கை மட்டும் ஒல்லி. அடியில் யானை, மேல கொக்கு.

வரவேற்பறைத் திரையும் பறக்க ஆரம்பிச்சுடுச்சு. விடுதி மேனேஜர் ஜன்னல் சரியில்லைன்னு ஆசாரியைக் கூப்பிட்டிருக்கார்.

அம்மாவுக்குத் தனியா எழுதியிருக்கேன், சர்க்கரை போட்டு.

வாலு

---

மே 8

வாலுக்கு,

இங்கே யாருக்கும் ஒரு குறையும் இல்லை. கவலை உன்னைப் பற்றித்தான்.

முப்பது வருஷமாகத் தராசு ரிப்பேர் பண்ணுகிறேன். ஒரு மனுஷ உடம்பு ஏழு வாரம் ஒரே எடையில் நின்று நான் பார்த்ததில்லை. காலையில் ஒன்று காட்டும், சாப்பிட்டால் ஒன்று காட்டும். இத்தனை வாரம் அசையாமல் நிற்க நீ என்ன படிக்கல்லா? அதிலும் கால் வீங்குகிறது, கை இளைக்கிறது, நடக்க முடியவில்லை, எண் மட்டும் நகரவில்லை. அப்படி என்றால் யாரோ எண்ணைப் பார்த்துப் பார்த்துச் சரிக்கட்டுகிறார்கள்.

பெரிய ஜன்னல் திரையின் அடி மடிப்பில், காற்றுக்குப் பறக்காமல் இருக்க, சின்னச் சின்ன ஈயத் துண்டு வைத்துத் தைப்பார்கள். எனக்குத் தெரியும், ஈயம் வாங்கும் கடைக்கு அவர்களும் வருவார்கள். முதலில் சாப்பாட்டுக் கூடத்துத் திரை பறந்தது. பிறகு வரவேற்பறை. நீ இளைக்க இளைக்க இன்னொரு திரை பறக்கிறது. அந்த ஈயம் இப்போது உன் உடுப்பு மடிப்பில் இருக்கிறது. என்ன உடுத்தியிருக்கிறாய் என்று கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை.

ஏன் செய்தாய் என்றும் புரிகிறது. டிரைவரை நிறுத்தியது போல உன்னையும் நிறுத்திவிடுவார்கள் என்று பயம்.

வாலு, கள்ளத் தராசு வைத்த வியாபாரி மற்றவனை ஏமாற்றுவான். நீ ஏமாற்றுவது உன்னைக் காப்பாற்ற நிற்கிறவர்களை. மருந்து அளவெல்லாம் எடையை வைத்துத்தானே கொடுக்கிறார்கள்?

இந்தக் கடிதம் கைக்கு வந்ததும் நீயே டாக்டரிடம் சொல். நான் அத்தானிடம் சொல்வதைவிட நீ சொல்வது மேல். மே இருபத்தொன்று வரை பொறுப்பேன். அதற்குப் பிறகு போன் செய்வேன்.

மாமா

---

மே 10

மாமாவுக்கு,

நலமா?

நேத்து கோஆர்டினேட்டர் அக்கா வந்தாங்க. எங்க பட்டியலைப் பார்த்துக்கிறவங்க. நான் சோர்ந்து போயிருக்கேன்னு ஆறுதலா ஒண்ணு சொன்னாங்க. போன வாரம் ஒரு இதயம் எங்க படி வரைக்கும் இறங்கி வந்துச்சாம். அதிசயமாம். என் ரத்த வகை. மேல இருந்த யாருக்கும் பொருந்தலை, ரொம்பச் சின்னது. குழந்தை. முப்பத்தொரு கிலோ. "உனக்கும் சின்னதா போச்சு, நாற்பத்திரண்டு கிலோவுக்கு முப்பத்துமூணரையிலிருந்துதான் எடுப்போம். ஆனா பார்த்தியா, உங்க வரைக்கும் வருது, தைரியமா இரு"ன்னு சொல்லிட்டுப் போனாங்க.

வாங்கிறவங்க எடையில் நூத்துக்கு எண்பதாவது குடுக்கிறவங்க இருக்கணும்னு கணக்காம்.

மாமா, உங்களுக்குக் கணக்கு நல்லா வருமே. ஒருத்தர் முப்பத்தேழு கிலோன்னு வெச்சுக்குவோம். சும்மாதான் கேக்கிறேன். அவங்களுக்கு எதிலிருந்து எடுப்பாங்க?

வாலு

---

மே 21

வாலுக்கு,

உன் கடிதம் இன்று காலை வந்தது. உன் கடிதமும் என் கடிதமும் வழியில் ஒன்றையொன்று பார்க்காமல் கடந்து போயிருக்கின்றன.

இருபத்தொன்பதரை.

கேட்டதற்குப் பதில் அது. உனக்கு முன்னாலேயே தெரிந்த பதில்.

சொன்னபடி இன்று போன் செய்தேன். முதல் மணி முழுசாக அடிக்கவில்லை, அத்தான் எடுத்துவிட்டார். "வந்துடுச்சுங்களா? கிளம்பட்டுமா?" என்றார். ஹலோகூடச் சொல்லவில்லை. வைத்துவிட்டேன். ராங் நம்பர் என்று நினைத்திருப்பார்.

மறுபடி கூப்பிட எனக்குத் தைரியம் இல்லை. உனக்கு இருக்க வேண்டும்.

மாமா

---

ஜூன் 5

மாமாவுக்கு வாலு எழுதுவது.

உங்க "இருபத்தொன்பதரை" கடிதம் வர்றதுக்கு முன்னாடியே சொல்லிட்டேன். அதுக்கு முந்தின ஈயக் கடிதம் வந்த அன்னிக்குச் செவ்வாய்க்கிழமை, எடை நாள். தராசு மேல ஏறுறதுக்கு முன்னாடி ஈயம் வெச்சுத் தைச்ச அந்த நீளக் கவுனைக் கழட்டி நர்ஸ் மேஜையில் வெச்சேன். தொம்னு விழுந்துச்சு. பேனாவெல்லாம் எகிறிடுச்சு. நர்ஸ் சிரிச்சாங்க, நான் ஏதோ விளையாடுறேன்னு. பெட்டிகோட்டோட ஏறி நின்னேன். 36.8. அப்புறம் யாரும் சிரிக்கலை.

நான் நல்லா யோசிச்சு வெச்சிருந்த ஜோக் ஒண்ணும் வாயில் வரலை. "பதினோரு வாரமா பொய்"ன்னு மட்டும் சொன்னேன்.

அப்புறம் தெரிஞ்ச விஷயத்தைக் கேளுங்க. டிரைவர் அண்ணனை நிறுத்தினது எடைக்காக இல்லை. நுரையீரல்ல தொற்று. அது சரியானதும் சேர்த்துக்கிறதா இருந்தாங்க. நான் எடை இறங்கினதை உண்மையாச் சொல்லியிருந்தா என்னை வார்டில் படுக்க வெச்சு, ஊசி வழியா மருந்து ஏத்தி, அவசரக்காரங்க வரிசையில் போட்டிருப்பாங்க. வெளிநாட்டுப் படியில்தான், ஆனா அந்தப் படியில் முதல் ஆளா. நான் எதுக்குப் பயந்தேனோ அது நடந்திருக்கவே நடந்திருக்காது. நான் பண்ணினதாலதான் எல்லாம் நடந்திருக்கு.

அந்தக் குழந்தையோட இதயம் யாருக்குப் போச்சுன்னு கோஆர்டினேட்டர் அக்காவைக் கேட்டேன். முதல்ல சொல்ல மாட்டேன்னாங்க. திரும்பத் திரும்பக் கேட்டேன். யாருக்கும் போகலையாம். எங்க படிக்குக் கீழே வேற படி இல்லை. அந்த அம்மாவும் அப்பாவும் சரின்னு கையெழுத்துப் போட்டிருக்காங்க மாமா. யாருக்கும் போகலை.

இப்ப என்னை நிறுத்தி வெச்சிருக்காங்க. மாத்து இதயம் வெச்சா காலம் பூரா நேரம் தப்பாம மாத்திரை போடணும். எடையில் பொய் சொன்னவ மாத்திரையில் பொய் சொல்ல மாட்டான்னு என்ன நிச்சயம்னு டாக்டருங்க பேசிக்கிறாங்க. மூணு வாரம் கழிச்சு ஒரு குழு கூடும். வேண்டாம்னு முடிவு பண்ணினா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. வீட்டில் எவ்வளவு நாள்னு நான் கேக்கலை.

அப்பா திட்டலை. திட்டியிருக்கலாம். விடுதி மேனேஜர்கிட்ட ஊசி நூல் கேட்டு வாங்கி, பதினாறு திரையிலும் ஈயத்தை ஒவ்வொண்ணா வெச்சுத் தைச்சார். ரெண்டு நாள். நான் ஊசியில் நூல் கோத்துக் குடுத்தேன். வாங்கிக்கிட்டார். பேசலை.

அம்மாவுக்கு இன்னும் தெரியாது. நீங்க சொல்லிடுங்க. சர்க்கரை போடாதீங்க.

வாலு

---

ஜூன் 17

வாலுக்கு,

அக்காவிடம் சொன்னேன். மறுநாள் அந்த ரெண்டு உடுப்பையும் பிரித்து உள்ளே பிடித்துத் தைத்தாள். அளவு என்னிடம் கேட்டாள், சொன்னேன்.

குழுவில் என்ன சொல்வது என்று நீ யோசிப்பாய். நானும் யோசித்தேன். பொய் மட்டும் வேண்டாம்.

மாமா

---

ஜூன் 29

மாமாவுக்கு,

வார்டிலிருந்து எழுதுறேன். கையில் ஊசி இருக்கு, எழுத்து கோணல். முன்னாடியும் கோணல்தான்.

குழு கூடிச்சு. நீள மேஜை, ஏழு பேர். அப்பா என் நாற்காலிக்குப் பின்னால நின்னார். அவர் எல்லாருக்கும் "மன்னிச்சுக்குங்க"ன்னு சொல்லப் போனார், பெரிய டாக்டர் "பொண்ணு பேசட்டும்"னார்.

"உன்னை நாங்க எப்படி நம்பறது?"ன்னு கேட்டார். மரியாதையாத்தான் கேட்டார். அதுதான் கஷ்டமா இருந்துச்சு.

நான் சத்தியம் பண்ணலை மாமா. பண்ணியிருந்தா எனக்கே நம்பிக்கை வந்திருக்காது. "நம்பாதீங்க"ன்னேன். "நான் பயந்தா பொய் சொல்ற ஆள். இப்பவும் பயமா இருக்கு. ஆபரேஷனுக்கு அப்புறமும் பயமா இருக்கும். அதனால என் வார்த்தையைக் கேக்காதீங்க, ஒவ்வொரு தடவையும் சோதிங்க. மாத்திரை போட்டேனான்னு ரத்தத்தை எடுத்துப் பாருங்க. நான் கோவிச்சுக்க மாட்டேன்."

ஓரத்தில் இருந்த ஒரு டாக்டர் அம்மா கேட்டாங்க: "அந்தக் குழந்தையைப் பத்தி நினைக்கிறியா?"

தலையை ஆட்டினேன்.

எங்களை வெளியே உக்கார வெச்சாங்க. ஒரு மணி நேரம். அப்பா அப்பதான் முதல் தடவையா என்கிட்ட பேசினார். "தண்ணி குடிக்கிறியா? இன்னும் ஒரு டம்ளர் பாக்கி இருக்கு"ன்னார். குடிச்சேன்.

என்னை வெச்சுக்கிட்டாங்க. மறுபடி பட்டியல், உண்மை எடையில். இன்னிக்கு 36.3. இருபத்தொன்பதிலிருந்து எடுப்பாங்க. கோஆர்டினேட்டர் அக்கா சொல்லிட்டாங்க: அந்த மாதிரி ஒண்ணு எங்க படி வரைக்கும் ரெண்டாவது தடவை இறங்கி வரும்னு எதிர்பார்க்காதே, டாக்டர் கணக்குப்படி கையில் அஞ்சாறு வாரம்தான் இருக்கு.

டிரைவர் அண்ணன் இருமல் நின்னு மறுபடி பட்டியலுக்கு வந்துட்டார். பார்க்க வந்தார். ஜோடி சரியா செருப்பு போட்டிருந்தார். என்ன வாழ்க்கை.

வாலு

---

ஜூலை 24

அன்பு மச்சானுக்கு,

கடிதம் எழுதி எனக்குப் பழக்கம் இல்லை, தப்பிருந்தால் பொறுத்துக்கொள். நானும் நலம். நம் பிள்ளை உயிரோடு இருக்கிறாள். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

அவளிடமிருந்து கடிதம் வரவில்லை என்று பயந்திருப்பாய். பத்து நாளாகப் பேனா பிடிக்க முடியவில்லை அவளுக்கு. போன சனிக்கிழமை மத்தியானம் கோஆர்டினேட்டர் ஓடி வந்தார். ஒரு இதயம் மேலிருந்து எல்லாரையும் தாண்டி வந்திருக்கிறது, இவளுக்குப் பொருந்துகிறது என்றார். போன் என் கழுத்தில் சும்மா தொங்கியது, அது அடிக்கவே இல்லை.

கொண்டுபோவதற்கு முன்னால் நர்ஸ் எடை எழுத வந்தார். நேற்றைய எண் இருக்கிறது, போதும் என்றார். இவள் விடவில்லை. இன்றைக்கு இன்னொரு தடவை பாருங்கள் என்று அடம். ரெண்டு பேர் பிடித்துத் தூக்கி நிறுத்தினோம். முப்பத்தைந்தரை. எழுதின தாளை வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் படுத்தாள்.

எட்டு மணி நேரம் ஆனது. ரெண்டு நாள் கண் திறக்கவில்லை. சிறுநீரகம் சரியாக வேலை செய்யவில்லை என்று இன்னொரு மெஷின் வைத்திருக்கிறார்கள். இந்த வாரம் தாண்ட வேண்டும் என்கிறார் டாக்டர். உன் அக்காவிடம் எந்த அளவுக்குச் சொல்லலாம் என்று நீயே பார்த்துக்கொள். போனில் சொன்னால் பக்கத்தில் அவளும் கேட்டுவிடுவாள், அதனால்தான் எழுதுகிறேன்.

இன்று காலை நன்றாக விழித்துக்கொண்டாள். தொண்டையில் குழாய், பேச முடியாது. எழுதுகிற மாதிரிக் கையை ஆட்டினாள். அட்டையும் பேனாவும் பிடித்துக் கொடுத்தேன். ஏதோ வம்பு எழுதப்போகிறாள் என்று நினைத்துச் சிரிக்கத் தயாரானேன். ஒரே ஒரு வார்த்தை எழுதினாள். "வயசு?"

இதயம் கொடுத்தவர் வயசு தெரியாதும்மா, சொல்ல மாட்டார்களாம் என்றேன்.

என் முகத்தையே பார்த்தாள் மச்சான். பொய் அவளுக்குத் தெரியும்.

ஆபரேஷனுக்கு நான் கையெழுத்துப் போட்ட தாளில் அந்த வயசு இருந்தது. உனக்கும் எழுத முடியவில்லை.

அத்தான்